தள்ளுபடி இல்லாத வெடிக்கடை

1

சென்ற வாரம் என் மகள் நிலா, ஒரு சூப்பர் மார்க்கெட் கல்லாவில் நின்று கம்பி மத்தாப்புக்குப் பேரம் பேசினாள். நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கல்லாவில் இருந்த அம்மாள் தன் வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

இங்கே வருடக் கடைசியில் சில நாட்கள்தான் ராக்கெட் விற்பார்கள். பால், ரொட்டி, பூனைச் சாப்பாடு அடுக்கிய வரிசைக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கூண்டில் வைத்திருப்பார்கள். சிவகாசிக்குப் பக்கத்தில் திருத்தங்கலில் பிறந்து வளர்ந்த என்னால் அந்தக் கூண்டைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. ஊரில் என் அண்ணனின் வெடிக்கடையில், வாங்க வந்தவர்களின் பிள்ளைகளுக்குச் சும்மா எடுத்துக் கொடுக்கிற சரக்கே அதைவிட அதிகம்.

நிலா கம்பி மத்தாப்புப் பெட்டியைக் கல்லாவில் வைத்தாள். சுத்தமான ஜெர்மனில் கேட்டாள்: “இதைக் கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்களேன்.”

அந்த அம்மாள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கருவியில் ஒருமுறை காட்டினார். “இதுதான் விலை” என்றார்.

“அது தெரியும். ஆனால் நாங்கள் வருடா வருடம் உங்களிடம்தானே வாங்குகிறோம்.”

எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் பக்கத்திலிருந்த சூயிங்கம் பாக்கெட்டில் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஊன்றிப் படிக்க ஆரம்பித்தேன். நிலா விடவில்லை. “அப்படியானால் நான் போகிறேன்” என்று சொல்லிவிட்டு, பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து மெல்ல நடந்தாள். கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்கிற நடை அது. எங்கள் அண்ணன் நடை.

“இந்த நாள் இனிதாக அமையட்டும்” என்று அந்த அம்மாள் விடைகொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. நிலா திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

ஆறு மாதத்துக்கு முன் இந்தப் பெண் வாயிலிருந்து வந்த தமிழ் இரண்டே சொற்கள். “வேண்டாம்.” “அப்புறம்.” நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். ஊரிலிருந்து போன் வந்தால் குளியலறைக்குள் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் எப்படி இப்படி ஆனாள் என்று சொல்ல வேண்டுமானால், அண்ணன் கடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கும் முன்னால் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

2

நான் ஒரு திருகாணிக் கம்பெனியில் விலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊரில் இதைச் சொன்னால் “அதுக்கெல்லாமா ஒரு பிரிவு?” என்று கேட்பார்கள். ஒரு திருகாணியின் விலையில் ஒரு சென்ட் ஏற்ற வேண்டும் என்றால் எங்கள் ஆபீசில் நான்கு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நான்கு பேரில் ஒருவர் எப்போதும் லீவில் இருப்பார். அவர் வரும் வரைக்கும் திருகாணி பழைய விலையிலேயே காத்திருக்கும்.

இந்த நாட்டில் விலை என்றால் விலைதான். அது எனக்குப் புரிய நாளாயிற்று. வந்த புதிதில் விசா ஆபீசில் கட்டணத்தைச் சொன்னார்கள். மொழி கற்றுக்கொண்ட தைரியத்தில் “கடைசி விலை என்ன?” என்று கேட்டுவிட்டேன். பழக்க தோஷம். வேறு யாராவது என்றால் முறைத்திருப்பார்கள். அந்த அதிகாரி முறைக்கவில்லை. யோசித்தார். உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டார். கட்டண விதிகளை அச்செடுத்து வந்து, நான் அதைப் படித்துவிட்டதாக என்னிடம் கையெழுத்து வாங்கினார். சில நாள் கழித்து வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. கடைசி விலை தொடர்பான என் விசாரணை பரிசீலிக்கப்பட்டதாம். கடைசி விலையும் முதல் விலையும் ஒன்றே என்று தெரிவித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தைப் பார்த்து அன்றைக்கு அழுதேன். பணத்துக்காக இல்லை. எதிர்த்து நின்று பேரம் பேச ஓர் ஆள் இல்லாத ஊருக்கு வந்துவிட்டோமே என்று.

சில மாதங்களுக்கு முன் எங்கள் கம்பெனியில் விலை போடுவதற்கு ஏஐ கொண்டுவந்தார்கள். செலவு, சந்தை, போட்டி எல்லாவற்றையும் எழுதி, ‘இப்படி யோசி, இதைக் கவனி’ என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தால், அது விலை சொல்லும். அப்படி எழுதிக் கொடுப்பதற்குப் பெயர் பிராம்ப்ட். ஒரு நாள் வகுப்பு நடத்திச் சான்றிதழும் கொடுத்தார்கள். சான்றிதழ் கையில் கிடைத்ததும் இதை யார் தலையிலாவது கட்ட வேண்டும் என்று கை அரித்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தார்.

3

அண்ணன் கதிரேசன், சாத்தூரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில் வெடிக்கடை வைத்திருக்கிறார். சீசனில் கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் என்று எங்கிருந்தெல்லாமோ கார் போட்டுக்கொண்டு வருவார்கள்.

எங்கள் பக்கத்தில் விலை வைக்கிற முறையை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது சிரமம். ஒரு பெட்டி புஸ்வாணத்தை நூறு ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலில் ஐந்நூறு என்று அச்சடிப்பார்கள். கடை வாசலில் எண்பது சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைப்பார்கள். வாங்குகிறவருக்கு நானூறு மிச்சமானது என்ற சந்தோஷம். விற்கிறவருக்கு நூறு வந்தது என்ற சந்தோஷம். இது எல்லோருக்கும் தெரியும். வாங்க வருகிறவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது கடைக்காரருக்கும் தெரியும். ஆனாலும் எண்பதைவிட எண்பத்தைந்து தருகிற கடையில்தான் கார் நிற்கும்.

அண்ணன் போன் செய்தது அதற்குத்தான்.

“ஏம்மா செல்வி, எதுத்தாப்புல புதுசாக் கடை போட்டுருக்கான். எடுத்த எடுப்புலயே தொண்ணூறு பர்சண்ட்டுன்னு போர்டு வச்சுட்டான். நான் தொண்ணூத்தஞ்சு வச்சிரவா?”

“அப்பிடியே போனா நூறு வந்துரும்ணே.”

“வரட்டுமே. அவன் நூறு போட்டாம்னா நானே போய்ச் சும்மா அள்ளிட்டு வந்துருதேன்.”

சிரித்தாலும் குரலில் பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு ஒரு நாற்காலிதான் காரணம்.

அண்ணனின் மாமனாருக்குத் திருத்தங்கலில் அச்சகம். வெடிக்கடைகளின் விலைப்பட்டியல் எல்லாம் அங்கேதான் அச்சாகும். தள்ளுபடி கூடும்போதெல்லாம் புதுப் பட்டியலுக்கு ஆர்டர் வரும் என்பதால், ஊரில் தள்ளுபடி கூடினால் உண்மையிலேயே சந்தோஷப்படுகிற ஒரே வியாபாரி அவர்தான். அவருடைய மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி இருக்கிறது. அது மாப்பிள்ளைக்கு. கல்யாணம் ஆன புதிதில் அண்ணன் ஒரு மாதம் அதில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். மாமனார் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை பேசிக்கொண்டே இருப்பார். அவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, கொட்டாவி விடக் கூடாது. அண்ணன் பேசியே பிழைக்கிற ஆள். ஒரு மாதத்தில் சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. அப்போது தப்பித்து வந்து போட்டதுதான் இந்த வெடிக்கடை.

கடையின் முதலீட்டில் மாமனார் பணமும் உண்டு. இந்த சீசனும் சரியில்லை என்றால் கடையை ஒழித்துவிட்டு, தை பிறந்ததும் நாற்காலிக்கு வந்துவிட வேண்டும் என்று, நாலு பேர் முன்னால் பேச்சாகியிருந்தது.

“நான் பாத்துக்கிடுதேன்ணே. கவலைய விடுங்க” என்றேன். சான்றிதழ் பேசியது.

4

அன்றைக்கே உட்கார்ந்து பிராம்ப்ட் எழுதினேன். சரக்கின் அடக்கவிலை, கடை வாடகை, ஆட்கூலி, மழையில் நமத்துப் போகிற சரக்கு, தீபாவளி முடிந்து மிஞ்சிப் போகிற சரக்கு என்று ஒன்று விடாமல் சேர்த்தேன். கடைசியாக ஒரு வரி: ‘கடைக்காரர் அனுபவசாலி. அவர் சொல்வதை மரியாதையோடு கேட்டு, அதன்படி நடந்துகொள்.’ எதிர்த்துப் பேசினால் அண்ணனுக்கு முகம் தொங்கிவிடும் என்பதற்காகச் சேர்த்த வரி அது. பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அந்த ஒரு வரிதான் காரணம்.

ஏஐ பக்கம் பக்கமாகப் பதில் சொன்னது. சாரம் இதுதான்: பொய்த் தள்ளுபடி வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் கெடுக்கும். ஒரே விலை, நேர்மையான விலை, அதுவே நீண்ட கால வெற்றி. படித்ததும் எனக்குப் புல்லரித்தது. எங்கள் திருகாணி ஆபீசே எழுந்து நின்று பேசுவது போல இருந்தது.

அண்ணனிடம் சொன்னேன். “எல்லாச் சரக்குக்கும் அது விலை சொல்லும். நீங்க ஒண்ணு ஒண்ணாக் கேட்டு, உங்களுக்குச் சரின்னு பட்டா அச்சுக்குக் குடுங்க.” என் கணக்கிலேயே அவர் போனிலும் திறந்து கொடுத்தேன். தட்ட வேண்டாம், பேசினாலே போதும், அதுவும் பேசும் என்றதும் அண்ணன் குரலே மலர்ந்துவிட்டது.

ஒரு வாரத்தில் பட்டியல் அச்சாகி வந்தது. கடை வாசலில் போர்டும் ஏறியது: ‘ஒரே விலை. தள்ளுபடி இல்லை.’ அச்சடித்துக் கொடுத்தது மாமனார்தான். ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம்.

“அப்பா சிரிச்சாரு செல்வி” என்று அண்ணனின் மனைவி, என் மதினி, கவலையோடு சொன்னார்.

5

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சீசன் சூடு பிடிக்கிற நாள். நானும் பார்க்க வேண்டும் என்று அண்ணன் தன் போனை வாசல் பந்தல் காலில் கட்டி, வீடியோவில் என்னை அழைத்திருந்தார். இங்கே நான் காலைக் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன்.

கோயம்புத்தூர்க் கார் ஒன்று வந்து நின்றது. கணவன், மனைவி, பின்சீட்டில் பிள்ளைகள். அண்ணன் வாய் நிறைய “வாங்க, வாங்க, சாப்பிட்டீகளா?” என்றார். கணவர் பட்டியலைப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை போய், திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார்.

“ஏனுங்க, டிஸ்கவுண்ட் எத்தனைங்க?”

“டிஸ்கவுண்ட்டே கெடையாதுங்க. இதுதான் உண்மையான விலை.”

அந்த மனிதர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். மனைவி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். “உண்மையான விலைங்கறாங்க. வாங்க போயிரலாம்.”

ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குள் நுழைந்தார்கள். கைகொள்ளாத பெட்டிகளோடு திரும்பி வந்தார்கள். அந்தக் கணவர் நல்ல மனிதர். வண்டியில் ஏறப் போனவர் மனது கேட்காமல் அண்ணனிடம் வந்து பில்லைக் காட்டினார். “பாருங்க, தொண்ணூறு பர்சண்ட்டுங்க. நீங்களும் கேட்டுப் பாருங்க, தருவாங்க.” அதே புஸ்வாணப் பெட்டிக்கு அண்ணன் கடையைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு கொடுத்திருந்தார்.

“நல்ல யாவாரம் பண்ணிருக்கீக” என்று அண்ணன் கைகூப்பினார். வேறு என்ன சொல்வது.

அன்று முழுவதும் இதேதான். சென்னை வந்தது, போயிற்று. பெங்களூர் வந்தது, போயிற்று. சாயங்காலம் அண்ணன் போனை அவிழ்த்து முகத்துக்கு நேரே பிடித்தார். “நேர்மையா இருந்தாப் பயப்படுதாகம்மா” என்றார். நல்லது செய்கிறேன் என்று போய், அண்ணனை நானே பிடித்து அந்த நாற்காலியில் தள்ளிவிட்டேனோ!

மதினி போனை வாங்கினார். “எங்கப்பா பேசுனாரு. நாற்காலிக்குப் புது மெத்தை தைக்கக் குடுத்துருக்காராம்.”

6

பட்டியலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். விலை எங்காவது தப்பிவிட்டதா என்று, பிராம்ப்ட்டில் எழுதிய அடக்கவிலையோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாமே குறைந்திருந்தது. புஸ்வாணம், தரைச்சக்கரம், சரவெடி எல்லாம் ஃபேக்டரியில் அண்ணன் வாங்குகிற விலையைவிடக் கீழே.

கணக்கு என்னுடையது என்பதால் அண்ணன் பேசியது முழுக்க அதில் எழுத்தாகப் பதிவாகியிருந்தது. திறந்து பார்த்தேன்.

ஏஐ ஆரம்பத்தில் சரியாகத்தான் சொல்லியிருந்தது. “ஐயா, அனைத்துச் செலவுகளையும் கருத்தில் கொண்டு, இந்தப் பெட்டியை இருநூற்று நாற்பது ரூபாய்க்கு விற்பனை செய்யலாம்.”

அண்ணன்: “என்ன தம்பி, எடுத்த எடுப்புலயே இம்புட்டுச் சொல்றீக? பாத்துச் சொல்லுங்க.”

“நிச்சயமாக ஐயா. இருநூற்று இருபது என்று வைத்துக்கொள்ளலாம்.”

“வருசா வருசம் வாரவன்கிட்டயே இப்பிடிச் சொன்னா எப்பிடி?”

“தங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு மிக்க நன்றி. இருநூறு.”

“ஒரே பேச்சு. நூத்தியம்பது. இல்லைன்னா நான் வாரேன்.”

“சிறந்த முடிவு ஐயா! தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். நூற்று ஐம்பது.”

ஒவ்வொரு சரக்குக்கும் இப்படியே. ராக்கெட்டுக்கு வரும்போது அண்ணன், “வீட்ல விசேசம், மொத்தமா எடுக்கேன், நம்ம ரேட்டு போடுங்க” என்று சொல்லியிருந்தார். அது “வாழ்த்துகள் ஐயா” என்று சொல்லி இன்னும் இறங்கியிருந்தது.

உடனே போன் செய்தேன். “அண்ணே, அதுகிட்டப் பேரம் பேசுனீகளா?”

“ஆமாம்மா. பேசிக் கொறச்சேன்.” குரலில் அப்படி ஒரு பெருமை. “சும்மா சொல்லக் கூடாது, தம்பி நல்ல பையன். ஃபேக்டரிக்காரன் மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்கல. நான் எந்திரிக்கவும் வழிக்கு வந்துட்டான்.”

“அண்ணே, அது உங்க கடை விலைண்ணே.”

“அதுக்கு?”

“விக்கிறது யாரு?”

அண்ணன் எத்தனையோ வருடமாக ஃபேக்டரி ஃபேக்டரியாகப் போய்ச் சரக்கெடுக்கிறவர். யார் எந்த விலையைச் சொன்னாலும், அதைக் கீழே இறக்காமல் அங்கிருந்து எழுந்து வர அவருக்குத் தெரியாது. காது விலையைக் கேட்டுவிட்டால் வாய் பாட்டுக்கு வேலையைப் பார்க்கும்.

“அப்ப…” என்றார் அண்ணன், மிகவும் மெதுவாக. “நான்தான விக்கிறது?”

பின்னாலிருந்து மதினியின் குரல் வந்தது. “நல்லவேளை, ஒரு மனுசன் உள்ள வரல!”

உண்மைதான். என் தள்ளுபடி இல்லாத போர்டு மட்டும் இல்லாமல் இருந்தால், அண்ணன் வைத்த விலைக்கு ஊரே வந்து அள்ளிக்கொண்டு போயிருக்கும். சீசன் முடிவதற்குள் கடை காலி, கையும் காலி. என்னுடைய முட்டாள்தனம் அவருடைய முட்டாள்தனத்தைக் காப்பாற்றியது. அண்ணன் தங்கை பாசம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

7

மதினிக்குக் கோபம் வந்தால் நன்றாகப் பேசுவார். “அதுகிட்டப் பேசிக் கொறைக்கையில ஒங்க அண்ணன் மொகத்த நீ பாக்கலையே. எங்க கல்யாணத்தன்னைக்குக்கூட அம்புட்டுச் சந்தோசம் இல்ல. பேசாம கடைக்கு வாரவுகளும் அதுகிட்டப் பேசி இதே மாதிரிச் சந்தோசப்பட்டுப் போகட்டும்!”

கோபத்தில் சொன்னார். ஆனால் எனக்கு உள்ளே ஏதோ திறந்துகொண்டது. கோயம்புத்தூர்க்காரர் எதை வாங்கிக்கொண்டு போனார்? புஸ்வாணத்தையா? தான் ஜெயித்த சந்தோஷத்தை அல்லவா வாங்கிக்கொண்டு போனார்?

புது பிராம்ப்ட் எழுத உட்கார்ந்தேன். அண்ணன் பேசியதை மறுபடி படித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது நிலா எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தகராறு. ஏஐயையே சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னாள். “இல்லைன்னா நான் வாரேன்” என்ற இடத்தில் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். “மாமா எதற்குப் போகிறேன் என்றார்? அது அவர் கடைதானே?” என்று கேட்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல ஒரு சாயங்காலம் ஆயிற்று. பல வருடங்களுக்குப் பிறகு அவள் என்னோடு சேர்ந்தாற்போல அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எனக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம். வெளியே காட்டிக்கொண்டால் எழுந்து போய்விடுவாள் என்று கமுக்கமாக இருந்தேன்.

சாப்பாட்டு மேசையில் ஒத்திகை நடந்தது. நிலா வாங்க வந்தவள். ஏஐ கடைக்காரர். நான் நடுவர். முதல் தடவை, அவள் “பாத்துப் போடுங்க” என்றதுமே அது விழுந்துவிட்டது.

“அம்மா, இது ரோசமே இல்லாமல் தோற்கிறது” என்று ஜெர்மனில் சொன்னாள். ரோசத்துக்கு அவள் சொன்ன ஜெர்மன் சொல்லுக்கும் ஏறக்குறைய அதே பொருள்தான்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். விலையை ஏற்றிப் புதிதாக அச்சடிக்கும் பட்டியலில் இருப்பதுதான் முதல் விலை. இதற்குக் கீழே எக்காரணம் கொண்டும் போகாதே என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் அடிவிலை. முதல் முறை கேட்டால் கட்டுப்படியாகாது என்று சொல். இரண்டாம் முறை பெருமூச்சு விட்டுக் கொஞ்சம் இறங்கு. ‘நான் வாரேன்’ என்று கிளம்பினால் கட்டாயம் திரும்பக் கூப்பிடு. அடிவிலைக்கு வந்த பிறகும் விடாமல் பேசினால், ஒரு பாக்கெட் கம்பி மத்தாப்பு சும்மா கொடு. அதற்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டுவிடு.

அடிவிலையை இந்த முறை நானே போட்டேன். அண்ணனைப் பக்கத்தில் விடவில்லை.

பேச்சும் மாற வேண்டியிருந்தது. ‘தங்கள் தொடர்ந்த ஆதரவு’ என்று பேசினால் யாருக்குப் பேரம் பேசத் தோன்றும்? எங்கள் ஊர் மாதிரிப் பேசு என்றேன். முதலில் வார்த்தைக்கு வார்த்தை அம்புட்டு, இம்புட்டு, எம்புட்டு என்று எங்கள் ஊரைக் கேலி செய்வது போலவே பேசியது. இரண்டு நாள் திட்டியதில் வழிக்கு வந்தது. நிலா அதற்கு எதிரே உட்கார்ந்து “கட்டுப்படியாகாது” என்ற சொல்லைச் சொல்லிச் சொல்லி நாக்கைப் பழக்கினாள். இப்போது எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவச் சொன்னால்கூட அந்தப் பதில்தான் வருகிறது.

8

வெடிக்கடைக்குள் மின்சாரச் சாமான் வைக்கக் கூடாது. அதனால் வாசலில் கடையை விட்டுத் தள்ளி, பந்தலுக்குக் கீழே, ஒரு ஸ்டூலில் ஏஐ பேசுகிற டேப்லெட்டை நிறுத்தி வைத்தார்கள். மேலே புதுப் போர்டு: ‘வாங்க! பேசுங்க! குறைங்க!’

முதல் கார்க்காரர் வெட்கப்பட்டார். மனைவி பேசினார். கால் மணி நேரத்தில் அந்தப் பந்தலுக்குள் கூட்டம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். “கெளம்புற மாதிரி எந்திரிங்க, எறங்கும்.” ஏஐ “அண்ணாச்சி, அண்ணாச்சி, இங்கன வாங்க, கோவிச்சுக்கிட்டா எப்பிடி?” என்று கூப்பிட்டபோது கைதட்டினார்கள். ஒரு மதுரைக்காரர் ஜெயித்த பிறகும் போகாமல் நின்று, அடுத்தவருக்காக இலவசமாகப் பேரம் பேசிக் கொடுத்தார். எதிர்க்கடைக்காரர் போர்டை அழித்துத் தொண்ணூற்று இரண்டு என்று எழுதினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து, கூட்டத்தில் நின்று, அரை டஜன் சங்கு சக்கரத்துக்குப் பேசிப் பார்த்துவிட்டுப் போனாராம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மாமனார் வந்தார். வண்டியை விட்டு இறங்கியவர் யாரிடமும் பேசவில்லை. ஸ்டூலுக்கு முன்னால் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். கிஃப்ட் பாக்ஸ் ஒன்றுக்குப் பேச ஆரம்பித்தார். தொழில் ஆரம்பித்த கதையைச் சொன்னார். மை விலை ஏறிய கதையைச் சொன்னார். ஏஐ குறுக்கே பேசாமல், எழுந்திருக்காமல், கொட்டாவி விடாமல் கேட்டது. நடுநடுவே “அப்புறம் என்னாச்சு அண்ணாச்சி?” என்று வேறு கேட்டது. வெயில் சாய்ந்த பிறகுதான் அடிவிலைக்கு வந்தார். கம்பி மத்தாப்புப் பாக்கெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் பயந்துபோய் எனக்கு வீடியோ போட்டார். மாமனார் அந்தப் போனைக் கையை நீட்டி வாங்கினார்.

“ஏத்தா செல்வி, இந்தப் பையன் ஒன் ஏற்பாடா?”

“ஆமா மாமா.”

“நல்ல வளர்ப்பு. எம்புட்டு மரியாதை! என் ஆபீஸ்ல ஒரு நாற்காலி இருக்கு, தெரியுமில்ல? மாப்பிள்ளைக்குன்னு வச்சிருந்தது. அதுக்கு இந்தப் பையனையே எடுத்துக்கிடலாம்னு பாக்கேன்.”

அவர் தோளுக்குப் பின்னால் அண்ணன் முகம் தெரிந்தது. மூச்சு விடுகிறாரா என்று சந்தேகமாக இருந்தது.

“மாசச் சம்பளம் எம்புட்டும்மா இவனுக்கு?”

மாதக் கட்டணத்தைச் சொன்னேன். மாமனார் முகம் சுருங்கியது. “சாஸ்தியா இருக்கே. இரு, பேசிப் பாக்கேன்” என்று போனை மதினியிடம் கொடுத்துவிட்டு ஸ்டூல் பக்கம் திரும்பினார். மதினி போனை அவர் பக்கமே திருப்பிப் பிடித்தார். எல்லாம் கேட்டது.

“தம்பி, ஒன் மாசக் கட்டணத்தக் கொஞ்சம் பாத்துப் போடு.”

“என் கட்டணத்த மாத்த எனக்கு அதிகாரம் இல்ல அண்ணாச்சி.”

“நாம என்ன ஒரு நாள் பழக்கமா? இனி மாசா மாசம் வேணும்.”

“சந்தோசம் அண்ணாச்சி. கட்டணம் அதேதான்.”

“ஒரே பேச்சு. பாதி. இல்லைன்னா நான் வாரேன்.”

மாமனார் எழுந்தார். வேட்டியை உதறினார். வண்டியைப் பார்த்து மெல்ல நடந்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நானும்தான். கூப்பிடு, கூப்பிடு என்று எனக்குள் ஒரு குரல் அடித்துக்கொண்டது. வெடிக்குத்தான் திரும்பக் கூப்பிடச் சொல்லியிருந்தேன். அதனுடைய சம்பளத்துக்கு நான் ஒன்றும் எழுதவில்லையே.

“நல்லது அண்ணாச்சி, போய்ட்டு வாங்க” என்றது ஏஐ.

மாமனார் வண்டிக் கதவில் கை வைத்தபடி நின்றார். திரும்பினார். வந்து ஸ்டூலுக்கு முன்னால் நின்று அதை உற்றுப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

“ஊர் வெலையெல்லாம் எறக்குனான். தன் வெலையில ஒத்தக் காசு எறங்கல. ஒரு கம்பி மத்தாப்புகூடத் தள்ளல. இவந்தாம்லே யாவாரி!”

அண்ணனைப் பார்த்து, “நீ ஒன் கடையப் பாரு மாப்ளே” என்றார். அன்றைக்கு ராத்திரி அண்ணன் எனக்குப் போன் செய்தார். மூக்கை மட்டும் உறிஞ்சினார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. நிலா எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, பாத்து அழுங்க” என்றாள். அவளுக்கு அவ்வளவு தமிழ்தான் தெரியும்.

நேற்று மதினி ஒரு படம் அனுப்பியிருந்தார். மாமனாரின் ஆபீஸ். எதிரே அந்த நாற்காலி, புது மெத்தையோடு. மெத்தையில் ஒரு டேப்லெட்டைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மின்விசிறி அதன் பக்கம் திருப்பப்பட்டிருக்கிறது. மாமனார் கையை ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறார். மேசையில் இரண்டு டீ. ஒன்று அவருக்கு.